அறுநூறு மடங்கு

ஜீப்பில் வந்து இறங்கியது மரப்பெட்டி.
மேலே வெள்ளைப் பெயின்டில்: அரசு உடைமை, எண் பதினேழு.
பெறுபவர் என்ற கட்டத்தில்
ஜிங்கி கலுண்டியா என்று எழுதினேன்.
எட்டாவதோடு நின்றுபோன கையெழுத்து
கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழிந்தது.

சாயிபாசாவில் பதினொரு நாள் பயிற்சி.
இரண்டு கண்ணும் திறந்திருக்க
ஒன்றால் மட்டும் பார்க்க வேண்டும்.
அதற்கே நாலு நாள் போனது.
நாலு நாளும் நான் கண்டது
என் இமைமயிரைத்தான்,
ஓடைக்கரைக் கோரை மாதிரி அசைந்துகொண்டு.

வேலை இவ்வளவுதான்.
முட்டையிட்டு முடித்த தாய்ப்பூச்சியை
சின்ன உரலில் போட்டு நசுக்கு.
றெக்கையை முந்தாநாளே கத்தரித்தாயிற்று.
வாயில்லாத பூச்சி,
கூட்டைவிட்டு வந்தபின் ஒரு பருக்கை தின்றதில்லை,
அதன் வயிற்றில்தான் தேடச் சொல்கிறார்கள்.
காரநீர் இரண்டு சொட்டு.
அரைத்ததில் ஒரு சொட்டு கண்ணாடிச் சில்லில்.
ஒன்றும் மினுங்காவிட்டால் அவள் முட்டைகள் பிழைக்கும்.
நீள்வட்டமாய், உமி நீக்கிய அரிசிபோல்
ஏதாவது மினுங்கினால்
எரி.
ஒன்றைக் கண்டதும் எரி, இரண்டாவதைத் தேடாதே
என்றார் சொல்லிக்கொடுத்தவர்.

பொய் சொல்லக் கூடாது, திட்டம் நல்லதுதான் செய்தது.
காட்டோரத்து மொட்டைச் சரிவில்
மருதும் கருமருதும் நட்டுக் கொடுத்தது.
புழுவைக் கொத்தும் பறவைக்கு வலை கொடுத்தது.
பணம் நேராக என் கணக்கில் விழும்.
தாமதமாக விழும். ஆனால் விழும்.
முன்பெல்லாம் செங்கல் சூளைக்கு
லாரி ஏறிப் போவோம், நானும் என் ஓரகத்தியும்,
மழைக்குத்தான் திரும்புவோம்.
மூன்று வருடமாய் லாரி
எங்கள் வாசலில் ஹாரன் அடிப்பதில்லை.

நேற்று ஒன்றாம் எண் இலைத்தொன்னை.
மினுங்கியது.
தூசு என்று லென்ஸைத் துடைத்தேன்.
சில்லை மாற்றினேன். உரலைக் கழுவினேன்.
இரண்டு. மூன்று. ஏழு.
நாற்பது வரைக்கும் ஓரகத்தி சுகுர்முனியுடையவை.
முப்பத்தாறில் இருந்தது.
அந்த முட்டைகளின் பணம்
வருமுன்பே பாதி தகரமாகி
அவள் வீட்டுக் கூரையேறிவிட்டது.

டிர்க்கி சாருக்கு போன் போட்டேன்.
விதிப்புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது.
யானை மிதித்தால் இழப்பீடு உண்டு.
ஆலங்கட்டிக்கு உண்டு.
தீப்பிடித்தால் உண்டு.
இதுவும் தீதானே சார், என்றேன்.
நாமே வைக்கிற தீ அதில் வராதும்மா, என்றார்.
அவருக்கும் குரல் சரியாக இல்லை.
அப்படித்தான்.
யானைக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது.
அறுநூறு மடங்கு பெருக்கினால்தான் தெரிகிறதற்கு
வரிகூட இல்லை.

சுகுர்முனி வந்தாள். கத்தவில்லை.
எனக்குக் காட்டு, என்றாள்.
சூளையில் என் பங்குக் கல்லையும்
ஒருநாள் சுமந்தவள்.
முதலில் தவறான கண்ணை மூடினாள்.
அப்புறம் இமைமயிரைப் பார்த்தாள்,
ஏதோ புல்லு ஆடுது, என்றாள்.
கண்ணாடியை வெயில் பக்கம் திருப்பிவிட்டேன்.
ரொம்ப நேரம் மூச்சே இல்லை அவளிடம்.

அழகா இருக்கே, என்றாள்.

தொன்னைகளை அவளே எடுத்தாள்.
ஒவ்வொன்றிலும் இருநூறு இருக்கும்,
முப்பத்தாறையும் அடுக்கிக்
கொல்லைப் பக்கம் கொண்டுபோனாள்.
பச்சை இலை, லேசில் பிடிக்கவில்லை.
மூன்று குச்சி கிழித்தாள்.
பதிவேட்டில் காரணம் என்ற கட்டம்
விரல்நக அளவு.
நோய் என்று எழுதினேன்.

நாற்பத்தொன்றிலிருந்து என்னுடையவை.
பக்கத்துப் பக்கத்து மரத்தில் மேய்ந்த புழு.
ஒரே காற்று. ஒரே எறும்பு.
உரலைக் கழுவினேன்.
காரநீர் இரண்டு சொட்டு.

சாம்பல் கையோடு அவள் திரும்பி வந்து
என் தோளுக்குப் பின்னால் நின்றாள்.
வீட்டுக்குப் போயேன், என்றேன்.
போகவில்லை.
குனிந்தேன்.