ஒன்றன்பால்

எடைமேடை அலுவலகத்தில் தொலைபேசி ஒலித்தால்
எடுப்பவள் ஹில்டி ரெம்பல்.
"குட் மார்னிங் சார், கனோலா இன்று என்ன விலை?"
இருபத்திரண்டு வருடமாக
விலைக்கு முன்னால் "சார் இல்லை" என்று
சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
காலிக் குதிருக்குள் நின்று பேசுவதுபோன்ற குரல்.
தேவாலயப் பாடகர் குழுவில்
ஆண்களோடு பின்வரிசையில் நிறுத்தினார்கள்.
அதில் அவளுக்குப் புகார் இல்லை.
கணப்பு அந்தப் பக்கம்தான்.

பிப்ரவரி கடைசி வாரம், சாஸ்கச்சுவான்.
பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு.
ஆம்ப்ரோஸ் லவாலே வண்டியை ஓரம் கட்டுகிறான்.
விளக்கை அணைக்கிறான், எஞ்சினை அணைக்கிறான்.
மைலுக்கு ஒரு நிறுத்தம்,
நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம்,
மூச்சையும் ஸ்கார்ஃபுக்குள் விடவேண்டும்.
அவள் மடியில் படிவம்:
ஆண். பெண். தெரியவில்லை.

ஆந்தை அலறும் என்று மனப்பாடம் செய்தவர்கள் நாம்.
இது அலறல் இல்லை.
கூவியது என்று எழுதிவிட்டு நகரலாம், தமிழில் அது வசதி.
அஃறிணையிடம் நாம் கேட்பது
ஒன்றா, பலவா என்பது மட்டும்.
சேவலும் பேடையும்
ஒரே வினைமுற்றுக்குள் ஒளிந்துகொள்ளும்.
ஹில்டியின் படிவத்தில் அதற்கு இடமில்லை.

முதல் வருடம் அத்தனையும் தலைகீழாக எழுதினாள்.
கொம்பன் ஆந்தையில் பெண்தான் பெரிது,
ஆணைவிடக் கால் பங்கு கனம் கூட.
எடைமேடைக்காரி எடையை வைத்துக் குரலைக் கணித்தாள்:
கனத்த உடம்பு, கனத்த குரல்.
தன்னை வைத்தும் கணித்திருக்கலாம்.
பதினொரு பெண், நான்கு ஆண் என்று அனுப்பியதை
ரெஜைனாவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் திருத்தினார்,
பதமாகத்தான்,
"சார்" என்று தொடங்கி.

ஆணுக்கு உடம்பு சிறிது, குரலின் பெட்டி பெரிது.
ஐந்து அடி எடுத்து வைத்து நின்றுவிடும்.
பெண்ணின் குரல்
பியானோவில் மூன்று நான்கு கட்டை மேலே,
எண்ணிக்கையும் ஒன்றிரண்டு கூட,
யாரோ கதவைத் தட்ட
மாடியிலிருந்து இறங்கி ஓடுவதுபோல.
இரண்டும் இரட்டும் இரவுகளில்
ஒன்று முடிப்பதற்குள் மற்றது தொடங்கிவிடும்.
தனித்தனியாகப் பிரித்துக் கேட்க
அவளுக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது.

ஏழாம் நிறுத்தம்.
ஆளில்லாத பண்ணை, காற்றைத் தடுக்க நட்ட ஸ்ப்ரூஸ் வரிசை.
மூன்று வருடமாக இங்கே ஒரு ஜோடி.
இன்று எதுவும் இல்லை.
எஞ்சின் ஆறும்போது எழும் டிக் டிக் மட்டும்.
"பூச்சியம்" என்றான் ஆம்ப்ரோஸ்.
அவள் பென்சிலைத் தொடவில்லை.
நாமாகக் கூப்பிடக் கூடாது என்பது விதி,
படிவத்தின் பின்பக்கம், தடித்த எழுத்தில்.
கண்ணாடியை இறக்கினாள்.
ஸ்கார்ஃபையும்.
ஐந்து அடி,
நெஞ்சின் அடித்தட்டிலிருந்து.
ஆம்ப்ரோஸ் தன் பக்கத்துச் சன்னல் வழியே
எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்,
சாட்சி சொல்ல வர விரும்பாத ஆள்போல.

எங்கோ ஒரு சரக்கு ரயில்
கடைசிப் பெட்டிவரை போய் முடிந்தது.
பிறகு, மரத்தின் பாதி உயரத்தில், மேல்சுரத்தில்
ஏழு.
முட்டைகளை விட்டு எழாமலே சொன்ன பதில்.
மறுபடி ஏழு.

அவளை அது என்னவென்று எடுத்துக்கொண்டது
என்பதில் சந்தேகம் இல்லை.
ஹில்டி வாயைத் திறந்தாள்.
மூடிக்கொண்டாள்.

பெண் கட்டத்தில் ஒரு கோடு.
ஆண் கட்டத்தின் மேல்
பென்சில் சற்று நேரம் நின்றது.
"எழுதேன்," என்றான் ஆம்ப்ரோஸ்,
"நானும்தான் கேட்டேன்."

வண்டி முதல் திருப்பில் கிளம்பவில்லை.
இரண்டாவதில் கிளம்பியது.