கழித்தல் கணக்கு

ஐந்நூற்று ஒன்றிலிருந்து
கழித்துக்கொண்டே போவது என் தொழில்.
ஞாயிறு, செவ்வாய், வியாழன்
சல்மானியாவில் இன்னொரு கழித்தல்:
இரண்டு கிலோ நானூறு, எல்லாம் நீர்.
அதிகம் எடுத்தால் கெண்டைச்சதை பிடித்துக்கொள்ளும்.
ஆட்டத்திலும் அப்படித்தான்,
ஒன்று கூடினாலும் செல்லாது.

எந்தக் கையில் வைக்கட்டும் என்றார் டாக்டர்.
எறியாத கையில் என்றேன்.
இடது மணிக்கட்டுக்கு மேலே அன்றிலிருந்து
ஓயாத ஓர் இரைச்சல்.

நர்ஸ் பிளெஸ்ஸி ஒரே குத்தில் நரம்பைப் பிடிப்பாள்.
"உங்களுக்கு மட்டும் எதுக்கு மூணு?" என்பாள்.

வெள்ளி இரவு, ஜுஃபேர், அரையிறுதி.
எதிராளி மேசையில் வியர்த்து நிற்கிறது
ஒரு ஜக் தண்ணீர்.
என் வாயில் ஒரே ஒரு ஐஸ் துண்டு.
மீதி முப்பத்திரண்டு.
இரட்டைப் பதினாறைப் பார்த்து விட்ட முதல் அம்பு
கம்பியில் பட்டுத் தெறித்தது.

நாக்கடியில் துண்டு இன்னும் கரையவில்லை.
இரண்டாவதை எடுத்தேன்.