புளியங்குளத்தில் நிற்காத ரயில்

மருந்துக் கம்பனிக் கலண்டரில்
ஓகஸ்ட் மாதத்துக்கு ஒரு பூ.
கருநீல இதழ். அதைப் பிடித்திருக்கும் புல்லி
சட்டி அடிக் கரியின் கறுப்பு.
கீழே பொடி எழுத்தில்: சல்வியா.
எந்தச் சல்வியா என்று இல்லை.
பெயரும் அளவும் எழுதாமல்
ஒரு மாத்திரை உறைகூட நீட்டியறியாதவள் நான்.
செப்டெம்பர் பிறந்தும் தாளைப் புரட்டவில்லை.
மல்லாவி ஆஸ்பத்திரி மருந்தறையில்
அடுத்த தை வரைக்கும் ஓகஸ்ட்.

வவுனியாவில் மூன்று பூக்கன்றுக் கடை.
"சல்வியாவோ? இருக்கு, சிவப்பு."
கிளிநொச்சியில் ஒன்று.
"சிவப்புத்தான் பிள்ளை வடிவு."
பரந்தன் சந்தியில் லொறியில் வைத்து விற்றவர்
நீலமென்று சத்தியம் பண்ணித் தந்தது
பூத்தபோது
வேலியோரச் சீமை நாயுருவி.
அதற்கு இருநூற்றைம்பது ரூபா.

நுவரெலியாவுக்குப் போன் எடுத்தேன். அனுப்பினார்கள்.
கூரியர்க்காரப் பொடியன் மாங்குளத்தில்
இரண்டு நாள் வெயிலில் வைத்திருந்து கொண்டுவந்தான்.
பெட்டியைத் திறக்க
தேயிலைத்தூள் மாதிரி ஏதோ கொட்டியது.

பிறகு,
கொழும்பில் ஒரு பயிற்சி முடிந்து திரும்பும் ரயிலில்,
ஓமந்தை கழிந்து,
பக்கத்தில் ஆரோ மாலுபாண் பிய்த்துக்கொண்டிருக்க,
புளியங்குளம் ஸ்டேசன் ஓடி வந்து ஓடிப் போனது.
சிவப்பு வாளிகள். ஒரு பச்சைக் கொடி.
வெள்ளை அடித்த கல்வரிசை.
கல்வரிசைக்குப் பின்னால்
ஓகஸ்ட்.

எழும்பியே விட்டேன்.
"மாங்குளம் இன்னும் வரேல்லைத் தங்கச்சி"
என்றார் மாலுபாண்காரர்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன்.
தீ வாளிகளுக்கு மணல் மாற்றிக்கொண்டிருந்தார்
ஸ்டேசன் மாஸ்டர் சந்திரபோஸ்.
பட்டிப்பொலவிலிருந்து மாற்றலாகி வரும்போது
பால்மாப் பேணிக்குள் இரண்டு தண்டு கொண்டுவந்தாராம்.
"பேரு தெரியாதுங்க. அங்க பனியில நின்னுச்சு.
இங்க செத்துடும்னுதான் நெனச்சேன்."
கேட்டேன்.
யோசித்தார். கழற்றி வைத்திருந்த தொப்பியை
எடுத்துப் போட்டுக்கொண்டார்.
"ரயில்வே காணியில இருக்கிறது எல்லாம் அரசாங்கச் சொத்துங்க.
ஒரு பயணி புடுங்கிட்டுப் போனா நான் எழுதணும்."
"நான் பயணி இல்லை. பஸ்ஸில வந்தனான்."
சிரிக்கவில்லை. உள்ளே போய்
பிளேட்டோடு வந்தார்.

பதினொரு தண்டு.
ஈரப் பேப்பரில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
மாங்குளத்தில் பஸ் மாறும்போது ஒரு மனிசி
"பிள்ளை நித்திரையோ" என்று எட்டிப் பார்த்து
வெட்கப்பட்டுப் போனாள்.

நான்கு அன்றிரவே தலை சாய்த்தன.
மூன்று கறையானுக்கு.
இரண்டைக் குரங்கு பிடுங்கி, மணந்து,
பிடிக்காமல் கூரையில் எறிந்தது.
ஒன்றைக் கொன்றது நான்தான், தண்ணீர் கூடி.
மிஞ்சினது தாங்கியின் நிழலில்,
தாங்கி ஒழுகுகிற பக்கம்.
ஒழுக்கு அடைக்க வாறேன் என்ற நவநீதனிடம்
இப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்கழியில் பூத்தது.
பழைய கலண்டரைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் பிடித்தேன்.
அச்சில் நீலம் வெளிறிவிட்டிருந்தது.
கறண்ட் போன இரவில்
காஸ் அடுப்பு மூட்டும்போது முதலில் வருமே,
அது.
ஒரு தேன்சிட்டு, முறையாய் வாசலால் நுழையாமல்,
பூவின் அடியில் ஓட்டை போட்டுக் களவெடுக்கிறது.
எடுக்கட்டும்.

சித்திரையில் ஒரு போன்.
சந்திரபோஸ். இப்போது மாஹோவிலாம்.
அவருக்குப் பிறகு வந்த மாஸ்டர்
எல்லாவற்றையும் கிளறிவிட்டு
வரிசையாய்ச் சிவப்பு நட்டிருக்கிறாராம்.
"உங்ககிட்ட இருக்குதுங்களா?"
தாங்கியடியைப் பார்த்தேன்.
"இருக்கு மாஸ்டர். ஆனா இது ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸ் காணி.
அரசாங்கச் சொத்து."
அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.
அவருக்குப் பின்னால் எங்கோ ரயில் ஒன்று வந்து
நின்றது.
பிளேட்டைத் தேடிக்கொண்டே கேட்டேன்,
எத்தனை தண்டு வேணும்.