பதினான்கு திருகு

நௌஷிர் பரூச்சாவிடம் இருப்பதெல்லாம் மின்சாரம்.
தாதரில் இரண்டாம் மாடி, சாப்பாட்டு மேசை முழுக்க
மூன்று கம்பித் தண்டவாளம், நடுக்கம்பி கரண்ட்டுக்கு.
டிரான்ஸ்ஃபார்மர் உறுமத் தொடங்கினால்
அவர் வீட்டுப் பூனை எழுந்து வெளியே போகும்.
பிடியை ஒரு நூல் நகர்த்தினால்
எஞ்சின் ஒரு நூல் வேகம் கூடும்.
முகப்பு விளக்கு எரியும். பின்பக்கமும் போகும்.
இது ரயில், என்பார்.
உன்னுடையது சக்கரம் மாட்டிய கடிகாரம்.

ஆறு வருஷமாக இதே சண்டை.

நான் சாவிக் கட்சி.
வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு
சோர் பஜாரில் கண்டுபிடித்தேன் இந்தப் பச்சைத் தகரத்தை.
புகைபோக்கி நசுங்கி, ஒரு பக்கம் பெயின்ட் உரிந்து,
சாவி இல்லை.
இக்பால் சேட் ஏழாயிரம் சொன்னார்.
சாவியில்லாத எஞ்சின் பேப்பர்வெயிட், என்றேன்.
ஐயாயிரத்து இருநூறுக்கு
பேப்பர்வெயிட் வாங்கிக்கொண்டு முலுண்ட் வந்தேன்.

சுவர்க் கடிகாரச் சாவி பெரிது.
தாளம் தட்டும் குரங்கு பொம்மையின் சாவி சிறிது.
நாலு மாதம் கழித்து நாக்தேவி தெருவில் ஒருவர்
பித்தளையில் அறுத்துத் தந்தார், கூலி எண்பது ரூபாய்.
துளை எந்தப் பூட்டுக்கு என்று அவர் கேட்கவேயில்லை.

தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு.
பதினான்கு திருகு.
பதினைந்தாவதையும் வில் கேட்கும். கொடுக்கக் கூடாது.
முதல் சுற்றில் கோபம், வளைவில் கவிழப் பார்க்கும்.
இரண்டாவதில் ஆபீஸ் போகிற நடை.
மூன்றாவதில் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகக் கேட்கும்.
நிற்கும் இடம் ஒருநாள்போல் ஒருநாள் இல்லை.

அவருடையது நிறுத்தினால் நிற்கிறது.
என்னுடையது தீர்ந்தால் நிற்கிறது.
இதை நௌஷிரிடம் ஹிந்தியில் சொன்னேன்,
என் மராத்தியிலும் சொல்லிப் பார்த்தேன்.
தமிழில்தான் சரியாக வருகிறது.
அது அவருக்குத் தெரியாது.

போன மாதம் எடுத்துப் போனேன், காட்டிவிடலாமென்று.
அங்கே போய்ச் சாவி கொடுத்தால் ஏதாவது சொல்வார்.
வீட்டிலேயே முழுக்கத் திருகி, பிரேக் போட்டு,
துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தேன்.
குர்லாவில் கூட்டம் ஏறியது.
யாரோ ஒருத்தியின் முழங்கை.
பை கிர்ரென்று இரைய ஆரம்பித்தது.

மகளிர் பெட்டி ஒரே மூச்சில் ஊமையானது.
இந்த ஊரில் பை சத்தம் போடக் கூடாது.
ஏனென்று எல்லாருக்கும் தெரியும்,
சிலருக்குத் தேதியோடு தெரியும்.
மாலை ஏழு மணி லோக்கலில்
என்னைச் சுற்றி இரண்டடி காலியிடம்.
இருபது வருஷத்தில் முதல் தடவை.

கை நடுங்க வெளியே எடுத்தேன்.
தரையில்லை, தண்டவாளமில்லை,
அந்தரத்தில் ஓடிக்கொண்டிருந்தது,
பக்கத்துத் தண்டுகள் ஏறி இறங்க, மும்முரமாக.

சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் ஆன்ட்டி?
நாற்பது நொடி.
வீட்டில் குழந்தைக்கா?
இல்லை, எனக்கு.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.
சயான் வருமுன் அந்த இரண்டடியும் மூடிக்கொண்டது.
மேலே கம்பியில் நீலப் பொறி ஒன்று தெறித்தது;
எங்களையெல்லாம் இழுத்துப் போவது
நௌஷிர் கட்சிதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஓட்டிக் காட்டு, என்றார் கதவு திறந்ததும்.
ஓடி முடித்துவிட்டது, என்றேன்.
நடந்ததைக் கேட்டுவிட்டு
டிரான்ஸ்ஃபார்மரை அணைத்தார்.
சாவியை வாங்கித் தானே திருகினார்.
நான் எண்ணிக்கை சொல்லவில்லை.
பதினான்கில் அவர் கை தானாக நின்றது.

தண்டவாளத்தில் வைக்கவில்லை.
பிரேக்கை விட்டுக் கையிலேயே பிடித்திருந்தார்,
காதுக்குப் பக்கத்தில், கடைசிப் பல் வரை.

கடிகாரம்தான், என்றார்.

சாவியைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.