முட்டுக்கட்டை

மாசி மகத்தன்று
தேவனாம்பட்டினம் சாலையில்
எங்கள் மெட்டடார் நிற்க மறுத்தது.

மிதித்தேன்.
பெடல் என் காலுக்கு வழிவிட்டு
தரைவரை போய்ப் படுத்துக்கொண்டது.
முன்னால் டிராக்டரில் ஒரு பெருமாள்,
தீர்த்தவாரி முடிந்து திரும்புகிறவர்,
சீரியல் பல்பு கட்டிய முதுகு
இருபதடியில்.
இரண்டாம் கியர். முதல் கியர்.
கைப்பிரேக்கை இழுத்தால்
கயிறு அறுந்த வாளியாய் லேசாக வந்தது.
ஹாரன் மட்டும் நன்றாக வேலை செய்தது.

கூட்டத்திலிருந்து ஒருவர் ஓடிவந்தார்.
பஜ்ஜிக்கடை அடுப்புக்கு வைத்திருந்த சவுக்குக் கட்டையைத் தூக்கி
பின்சக்கரத்துக்கு முன்னால் சரித்தார்.
ஏறப் பார்த்தது, சறுக்கியது,
இருமி அணைந்தது.

தேசிங்கு. தேருக்குக் கட்டை போடுகிறவர்.
"முட்டுக்கட்ட போடுறவன்னு ஊரே திட்டும்.
நீங்கதாம்மா கையெடுத்துக் கும்புட்டது."
கும்பிடவில்லை.
ஸ்டியரிங்கை விட்ட கைகள்
நடுக்கத்தில் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

மெக்கானிக்குகள் எல்லோரும் கடலில்.
மணவாளன் லுங்கிக்கு மாறினான்.
"எங்கியோ ஒழுகுது," என்றான்.
டப்பாவைத் திறந்தோம்; ஆயில் கோடுவரை இருந்தது.
நாலு சக்கரத்தின் உள்பக்கமும் டார்ச் அடித்தோம்.
புழுதி. காய்ந்த புழுதி.
குழாய் நெடுக விரலால் தடவி வந்தான்,
விரலில் துரு.

"பம்ப் பண்ணு."
மூன்றாவது மிதியில் கெட்டிப்பட்டது.
"இப்ப அப்படியே அழுத்திப் பிடி."
பிடித்தேன்.
அலை திரும்புகையில்
பாதத்துக்கடியில் மணல் போகுமே, அப்படி
பெடல் அமிழ்ந்துகொண்டேயிருந்தது.

வெளியே ஒரு சொட்டும் போகவில்லை.
மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே
ரப்பர் கப்பைத் தாண்டி
பின்பக்கம் நழுவிக்கொண்டிருந்தது.
நான் அழுத்தியது எதுவும்
சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை.
"எல்லாம் அளவாத்தான் இருக்கு" என்று
பதினோரு வருடமாக
நாங்களும் எதற்கெதற்கோ சொல்லியிருக்கிறோம்.

மறுநாள் லாரன்ஸ் ரோட்டில் ஏழாவது கடை.
"மெட்டடாரா? இன்னும் ஓடுதா?"
"ஓடுதுங்க. அதான் பிரச்சினை."
பரணிலிருந்து இறங்கியது கிட், நூற்றெண்பது ரூபாய்,
எலி கடித்த அட்டை, கடிக்காத ரப்பர்.
கைப்பிரேக் கேபிளும் வாங்கினோம்.

பழைய கப்பைக் குறடால் எடுத்தபோது
உதடு தேய்ந்து ஓர் ஓரம் மடங்கியிருந்தது,
சுண்டுவிரல் நக அகலத்துக்கு.
இதுவா?
பெட்ரோலில் கழுவப் போனவனைத் தடுத்தேன்,
புது ரப்பர் ஊதிவிடும்.
பிரேக் ஆயிலிலேயே கழுவினோம்.

பிறகு காற்றெடுப்பு.
தூரத்துச் சக்கரம் முதலில், இடது பின்.
நிப்பிளில் டியூப், அதன் மறுமுனை
பன்னீர் சோடா பாட்டிலில்.
அவன் கீழே, நான் மேலே,
முகம் தெரியாது.
"மிதி."
"மிதிச்சிட்டேன்."
"பிடி. விட்டுடாத."
"விடல."
"இப்ப விடு."
மதியம் முழுக்க இவ்வளவுதான் பேசினோம்.
கூட ஒரு சொல் சேர்க்க
இருவருக்கும் தோன்றவில்லை.
குமிழி வருதா என்றேன்.
வருது என்றான்.
வெகுநேரம் வருது என்றான்.

இது குடும்பநலத் துறை ஏலத்தில் எடுத்த வண்டி.
பின்கதவில் நாங்கள் அடித்த நீலம் உரிந்து
'நாம் இருவர்' வரை வெளியே வந்திருக்கிறது.
வேடிக்கை பார்க்க வந்த தேசிங்கு
எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு
"மீதி எங்க?" என்றார்.
மணவாளன் அடியிலிருந்து சொன்னான்,
"மொதல்ல நிக்குதான்னு பாப்போம்."

சாயங்காலம், பீச் சாலை காலி.
தேசிங்கும் ஏறிக்கொண்டார்,
மடியில் அதே சவுக்குக் கட்டை.
முப்பதில் மிதித்தேன்.
பாதி வழியில் பெடல்
கல்போல் எதிர்த்து நின்றது.
வண்டியும் நின்றது.
நிற்காதவை பின்னாலிருந்தவை,
குக்கர், பாய்ச்சுருள், மணவாளனின் ஸ்பானர்கள்,
எவரோ சரியாக மூடாத
மிளகாய்த்தூள் டப்பா.

மூடாதது யார் என்று
தும்மல்களுக்கு நடுவே
கேட்டுக்கொண்டே இறங்கினோம்.