உலோகம் எதுவும் இருக்கக் கூடாது

மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில்
சிஸ்டர் ஜெசிந்தா எழுதிக் கொடுத்தார்,
ஆதார் நகல் மூன்று
காப்பீட்டு அட்டை, அசல்
ஸ்கேன் படம், மடிக்காமல்
முன்னால் பட்டன் வைத்த நைட்டி இரண்டு
வாளி, மக்கு, பாய்.
கடைசி வரிக்கு மட்டும் அடிக்கோடு:
உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது.

இதை என்னிடம் கொடுக்கிறார்.
பனங்காட்டில், பத்துக்குப் பதினாறு அறையில்
கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிறவன் நான்.
பொடி வைத்துப் பேச மட்டும் வராது.
சரிங்க சிஸ்டர் என்றேன்.

ஞாயிறு முழுக்கப் பை கட்டினோம்.
பூங்காவனம் சொல்லச் சொல்ல நான் வைத்தேன்.
சீப்பு. தேங்காய் எண்ணெய்.
மூடி சரியாகத் திருகாத ஃப்ளாஸ்க், துண்டில் சுற்றி.
பத்து ரூபாய்த் தாளாக முந்நூறு,
ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவருக்கும்
தள்ளாமல் கேட்கிறவருக்கும்.
எல்லாம் முடிந்த பிறகு
வாழைப்பூ நிறச் சேலையை எடுத்து
அடியில் வைக்கச் சொன்னாள்.
சீட்டில் இல்லையே என்றேன்.
"திரும்பி வர்றப்ப கட்டிக்க."
பையில் இடம் இருக்கிறதா என்று
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இருந்தது.

கவியரசு ஸ்கேனைப் போனில் படமெடுத்து
"அம்மா வயிறு" என்று பெயர் போட்டு வைத்தான்.
"நான் இருந்த இடத்தையா எடுத்துடுவாங்க?"
"நீ காலி பண்ணி பதினாலு வருஷம் ஆச்சு.
அப்புறம் வாடகைக்கும் யாரும் வரல" என்றாள்.
அவன் சிரித்தான். நான் ஃப்ளாஸ்க்கை
மறுபடி எடுத்து மறுபடி சுற்றினேன்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு சீட்டு தரலாம்.
யாரும் தருவதில்லை.
நானே அக்காவுக்குப் போன் போட்டேன்.
மங்கலட்சுமி, சாயங்காலம் நாலிலிருந்து ஆறு.
பொம்பளைங்க வார்டு, ராத்திரி என்னை விட மாட்டாங்க,
நீதான் இருக்கணும்.
சீசன் என்று மல்கோவா தூக்கி வராதே, கஞ்சிதான்.
கட்டில்மேல் உட்காராதே.
கொண்டலாம்பட்டியில் இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவ
கதையைத் தயவுசெய்து எடுக்காதே.
"அவ நல்லபடியா வந்துட்டாடா."
அதையும்தான்.

ராத்திரி உலோகத்துக்கு வந்தோம்.
மூக்குத்தித் திருகு எண்ணெய்க்கு இறங்கியது.
தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டாள்.
கொலுசு, கொக்கி நான் போட்டதுதான், சொன்னபடி கேட்டது.
இடது கால் மெட்டி ஒன்று மட்டும்
சோப்புக்கும் அசையவில்லை, நூலுக்கும் அசையவில்லை.
பத்தொன்பது வருஷத்தில் விரல் வளர்ந்து
அதை விழுங்கியிருந்தது.
கல்யாணத்துக்கு நானே செய்தது.
கழன்றுவிடக் கூடாது என்று
கம்பியை ஒரு சுற்று அதிகம் போட்டேன்.
அந்தத் திமிரை இப்போது அறுக்க வேண்டும்.

பட்டறையிலிருந்து மெல்லிய வாளை எடுத்து வந்தேன்.
தோலுக்கும் வெள்ளிக்கும் நடுவே
தகரத் துண்டைச் செருகினேன்.
எத்தனை ஆயிரம் ஜோடி செய்திருப்பேன்,
ஒரு காலையும் இத்தனை பக்கத்தில் பார்த்ததில்லை.
பாத வெடிப்பு. பெருவிரலில் பழைய காயம்,
எப்போது பட்டதென்று எனக்குத் தெரியாது.
கேட்கவும் கூச்சமாக இருந்தது.
"மயக்க ஊசி உண்டா டாக்டர்?" என்றாள்.
கை நடுங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

விட்டது.
அடியில் வெள்ளையாக ஒரு வளையம்.
வெயில் படாத தோல்,
பிறந்த பிள்ளையின் மடிப்பில் இருப்பது போல.
அவள் விரலை மடக்கி, நீட்டி,
மறுபடி மடக்கிப் பார்த்தாள்.
தரையில் விழுந்த பொடியை
நான் பழக்கத்தில் பிரஷ்ஷால் கூட்டினேன்.
"அதையும் எடை போடுவீங்களா?"

திங்கள் காலை ஆறு மணிக்குப் பெரியாஸ்பத்திரி.
பாஸ் ஒன்றுதான். அக்கா கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.
பையை, படத்தை, பாயைக் கைமாற்றினேன்.
வார்டு வாசலில் பூங்காவனம் திரும்பினாள்,
என்னவோ சொல்லப்போகிறாள் என்று கிட்டப் போனேன்.
"வாளி எங்க?"

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினேன்.
கடைகள் அப்போதுதான் கதவைத் தூக்கின.
நீலம் இல்லை, பச்சை வாங்கினேன்.
வருவதற்குள் உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.
காவலாளி வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
நாலு மணிக்கு வாப்பா என்றார்.

வேப்பமரத்தடியில் அதைக் கவிழ்த்துப் போட்டு
நாலு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.