பொறி பார்க்க இருட்டு வேண்டும்

நொச்சிக்குப்பத்து மணலில்
ராத்திரி பத்து மணிக்கும் இருட்டு கிடைப்பதில்லை.
லூப் ரோட்டில் வெள்ளை விளக்கு வரிசை,
வஞ்சிரம் பொரிக்கும் கடையில் பச்சை டியூப்லைட்,
போதாததற்குக் கலங்கரை விளக்கம் வேறு
சுற்றிச் சுற்றி வந்து எட்டிப் பார்க்கிறது.
பொறியோ கடுகத்தனை.
வெளிச்சத்தில் பார்த்தால்
இருந்தாலும் இல்லை என்றே தெரியும்.

கஜபதி என்னோடு பேசிப் பத்தொன்பது நாள்.
வலைப் பங்கில் நாலாயிரத்து இருநூறு ரூபாய்;
அவன் எடுத்தான் என்று நான்,
நான் எடுத்தேன் என்று அவன்.
ஆனாலும் கயிற்றை இழுக்க ஓர் ஆள்,
பிளக்கைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.
வந்தான். பீடியைக் காதில் சொருகிக்கொண்டு
வேறு பக்கம் பார்த்து நின்றான்.

ஐந்து குதிரை மோட்டார்.
ஐந்தும் படுத்துக் கிடந்தன.

பிளக் நனைந்திருந்தது,
எண்ணெய் வருகிறது, அதில் குறையில்லை.
புதுப் பிளக் போட்டாயிற்று.
சக்கரத்தின் ஜன்னல் வழியே பாயின்ட்டை
உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாயிற்று
(உப்பு தின்றதை உப்புத்தாளே சுரண்டட்டும்).
இடைவெளி அளக்க ஐஸ் கம்பெனிக்காரர் விசிட்டிங் கார்டு:
உரசியபடி நுழைந்தது, சரி.
கண்டென்சர் மாற்றினேன்.
காயிலைக் கடன் வாங்கி மாட்டிப் பார்த்தேன்.
தார்ப்பாயை இழுத்துத் தலைக்கு மேல் போட்டேன்.
அவனும் தலையை உள்ளே விட்டான்.
மீன் வாடை, பீடி வாடை, பெட்ரோல்.
இரண்டு மூச்சு, ஒரு பிளக்.

இழுத்தான்.
ஒன்றுமில்லை.
இழுத்தான்.
ஒன்றுமில்லை.
தோள்பட்டை என் காதில் இடித்தது,
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

அப்போதுதான் விரலில் தட்டுப்பட்டது
கில் சுவிட்சின் கறுப்பு ஒயர்.
தோல் உரிந்து, பச்சை பூத்து,
இரும்பின்மேல் சாய்ந்து கிடந்தது.
யாரும் பொத்தானை அமுக்கவில்லை.
அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது
நில், நில், நில் என்று,
எத்தனை நாளாகவோ.

பிடுங்கினேன்.
இழுத்தான்.
முழங்கை வரைக்கும் ஒரு குதிரை உதைத்தது.
பிளக்கைப் போட்டுவிட்டுத் தார்ப்பாயோடு மணலில் உருண்டேன்.

"இன்னாடா, செத்துட்டியா?"

பத்தொன்பது நாளில் முதல் வார்த்தை.

"இல்ல" என்றேன்.
"நீலம். நல்ல நீலம்."

தண்ணீர் ட்ரம்மில் இறக்கி, மூன்றாவது இழுப்பில்
புகையோடு இருமிக்கொண்டு எழுந்தது.
கடைக்காரர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்.
தெருநாய் ஒன்று எழுந்து தள்ளிப் படுத்தது.
ஒயர் இல்லாததால் இனி
நிறுத்தச் சொல்ல வழியில்லை;
சோக்கை மூடி மூச்சை அடைத்தால்தான் உண்டு.
அவன் கையை அதன்மேல் வைத்தான்,
மூடவில்லை.
சத்தத்துக்கு மேலே எதையோ கத்தினான்.
"நாலாயிரம்" என்பது மட்டும் கேட்டது.
நானும் கத்தினேன்:
"இருநூறை வுட்டுட்ட!"